பட்டாணிக்குத் தெரிந்த ஒருத்தி

பாலை இறக்கி வைக்கச் சொன்னாள் வளர்மதி. அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

கூடத்தில் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பட்டாணி. வெந்நீரில் நனைத்த பஞ்சால் அதன் கண்ணோரத்துப் பீளையைத் துடைத்து முடித்து, நெற்றி மயிரைச் சீப்பால் மேலே வாரிக்கொண்டிருந்தாள். அந்த ஜாதி நாய்க்கு முகத்து மயிரை அப்படியே தொங்கவிட்டால் கண் புண்ணாகிவிடும். தினமும் வாரி ரப்பர் பேண்டு போட்டுக் குடுமி கட்ட வேண்டும். "பால் பொங்குதுங்க, இறக்கி வைங்க" என்றாள். கணவர் தாமோதரன் போய் அடுப்பை அணைத்தார். பாத்திரத்தை இறக்கி, தட்டுப் போட்டு மூடி, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அவள் தலை சுவரில் சாய்ந்திருந்தது. ரப்பர் பேண்டு இரண்டு விரல்களுக்கு நடுவே அகலமாக விரிந்தபடியே நின்றது. பட்டாணி பாதி தூக்கிய குடுமியோடு அசையாமல் காத்திருந்தது.

அது குரைக்கவில்லை, ஊளையிடவில்லை. ஆம்புலன்ஸ் வந்து, போய், மாலையில் அவளைத் திரும்பக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்த பிறகும் அது கலங்கவில்லை. பெட்டிக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. வீடு முழுக்க அவள் வாசனை இருந்தது. அந்த வாசனை இருந்தவரை பட்டாணிக்கு எதுவும் நடந்திருக்கவில்லை.

அந்த நாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பார்ப்பதற்கு ஷிட்சூ போல இருக்கும், மூன்று கிலோவுக்கு மேல் வளராது. குட்டி நாய்களை வாக்கிங் போகும் இடத்திலேயே திருடிக்கொண்டு போய் விற்கும் கும்பல்கள் பெருகியிருந்த காலம் அது. அப்போது ஒரு கம்பெனி, கருவிலேயே மாற்றம் செய்து இந்த இனத்தைக் கொண்டுவந்தது. ஒரே ஆளின் உடல் வாசனைதான் அதற்கு உலகம். அந்த வாசனை இருக்கும் இடத்தில் சாப்பிடும், தூங்கும், விளையாடும். இல்லாத இடத்தில் இரண்டு நாள் தாங்குவதே பெரிது. திருடிக்கொண்டு போனாலும் விற்க முடியாது. கம்பெனி ஏதோ நாகரிகமான பெயர் வைத்திருந்தது. கோயம்புத்தூரில் எல்லோரும் ஒட்டுநாய் என்றார்கள்.

மகன் வெளிநாட்டில் நிலைத்துவிட்ட பிறகு வளர்மதிக்காக வாங்கியது. ஒட்டியது அவளிடம்தான் என்றாலும் வேலையெல்லாம் தாமோதரனுக்கு. பம்ப் கம்பெனியின் வரைபடப் பிரிவில் முப்பது வருஷம் கோடு போட்டு ஓய்வுபெற்றவர், எதையும் அளந்து செய்வார். காலையில் வாக்கிங் கூட்டிப்போவது அவர். கழுத்துப் பட்டை போட்டால் அதன் மெல்லிய மூச்சுக்குழல் நசுங்கிவிடும் என்று நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வாரைத்தான் மாட்டுவார். குட்டிப் பிரஷில் பல் தேய்ப்பார். சோபாவிலிருந்து குதித்து முழங்கால் சில்லு விலகிவிடக் கூடாதென்று மெத்தைத் துண்டுகளை ஒட்டிச் சின்னப் படிக்கட்டு செய்து வைத்திருந்தார். "சம்பளமில்லாத ஆயா" என்று வளர்மதி கிண்டல் செய்வாள். அவர் வெளியே போய்விட்டு வந்தால் பட்டாணி ஓடிவந்து அவர் கால்விரல்களை நக்கும். "பாத்தியா, ஆயாவையும் அதுக்குத் தெரியும்" என்பார்.

அவளை எடுத்துக்கொண்டு போன பின், வழக்கப்படி வீடு கழுவப்பட்டது. வளர்மதியின் தங்கை இந்திராணி முன்னின்று செய்தாள். அக்காவுக்குச் செய்யும் கடைசி வேலை என்று அழுதுகொண்டே செய்தாள். ஃபினாயில் ஊற்றித் தரை, சுவர், கதவு எல்லாம் தேய்த்தாள். மெத்தை உறை, தலையணை உறை, திரைச்சீலை, துண்டு, பட்டாணியின் படுக்கை வரைக்கும் வெந்நீரில் துவைத்துக் காயப்போட்டாள். கருமாதி அன்றைக்கு அக்காவின் சேலைகளைத் துவைத்து மடித்து உறவுக்காரப் பெண்களுக்குக் கொடுத்தாள். உள்ளாடைகளை ஆற்றில் விட்டார்கள். தாமோதரன் தலைக்கு ஊற்றிக்கொண்டு புது வேட்டி கட்டிக்கொண்டார்.

அதற்கு முன்பே பட்டாணி சாப்பாட்டைக் குறைத்திருந்தது. துக்கத்தில் இருக்கிறது என்று நினைத்தார்கள். கருமாதிக்கு மறுநாள் தட்டைத் திரும்பியே பார்க்கவில்லை. அறை அறையாகப் போய் மூக்கைத் தரையில் வைத்து முகர்ந்தது. தாமோதரன் குனிந்து கையை நீட்டினார். அது முகர்ந்தது. கரண்ட் பில் எடுக்க வருகிற ஆளை முகர்வது போல முகர்ந்துவிட்டு ஒதுங்கிப் போனது.

டாக்டர் ரெஹானா இளம் வயதுக்காரி. அந்தப் பகுதியில் ஒட்டுநாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். பட்டாணியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். வெளுத்திருந்தது. குளுக்கோஸை விரலில் தொட்டு ஈறில் தேய்த்துவிட்டு, ஊசி வழியாகவும் கொஞ்சம் ஏற்றினாள்.

"சின்ன உடம்பு சார். ஒரு நாள் சாப்பிடலேன்னாலே சர்க்கரை இறங்கிரும். இதெல்லாம் இன்னிக்கு நாளைக்குத் தாங்கும். அப்பறம் அதுவா சாப்பிடணும்."

"என் கையில சாப்புடுமுங்க டாக்டர். ஏழு வருசமா நாந்தான் போடறேன்."

அவள் நாயின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அம்மா இருந்தப்ப நீங்களும் அவங்களும் ஒரே கட்டில்தானுங்களே சார்?"

"ஆமாங்க."

"உங்க மேல அவங்க வாசனை இருந்துச்சு. அதான் உங்க கையில சாப்பிட்டுது. உங்களுக்குன்னு ஒரு வாசனை இருக்கறதையே அது மனசுல வாங்கியிருக்காது. அப்படித்தான் இதைச் செஞ்சிருக்காங்க."

தாமோதரன் தன் கால்விரல்களைப் பார்த்தார்.

"குட்டியா வாங்கறப்ப ரெண்டாவது ஆளையும் சேத்து ஒட்ட வைக்கலாம்னு சொல்லியிருப்பாங்களே. ஏன் சார் நீங்க சேந்துக்கல?"

"சொன்னாங்க. நான் அவளுக்கு ஆறு வயசு மூப்புங்க. முன்னாடி போறது நாந்தான்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். நான் போயிட்டா அது என்னைத் தேடக் கூடாதுன்னு அவ சொன்னா."

"இங்க வர்ற முக்கால்வாசிப் பேர் இதேதான் சொல்றாங்க" என்றாள் ரெஹானா. "பொண்டாட்டி தனியா இருக்கப்போறான்னு வாங்கிக் குடுக்கறாங்க. ஆம்பளை தனியா இருக்கறத யாரும் யோசிக்கறதில்ல."

ஒரு வழி இருந்தது. இறந்தவர் உடுத்திய, துவைக்காத துணி ஒன்று கிடைத்தால், அதிலுள்ள வாசனையை எடுத்து ஒரு மெல்லிய பட்டையில் ஏற்றித் தருவார்கள். நெஞ்சில் ஒட்டிக்கொண்டால் நாய்க்கு அந்த ஆள் திரும்பி வந்தது போல.

"துவைக்காத துணி ஏதாவது ஒண்ணு. தலையணை உறைகூடப் போதும்."

வீட்டுக்கு வந்து இந்திராணியிடம் சொன்னார். அவள் கொடியைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"அத்தனையும் தொவைச்சுப் போட்டேனுங்களே மாமா. ஒரு கைக்குட்டை மிச்சம் வெக்கலீங்களே."

"நீ என்ன பண்ணுவ. எல்லா வீட்லயும் செய்யறதுதான்."

"சீப்புல முடி இருக்குமுங்களா?"

"சீப்பையும் கழுவிட்ட அம்மிணி."

பட்டாணி கழிவறைக் கதவுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தது. அதன் நகம் தரையில் படும் சத்தம் மட்டும் கேட்டது. இந்திராணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தலைப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"மாமா, அளவு ஜாக்கெட்டுங்க. லூர்து அக்கா கடையில."

லூர்து மேரி இரண்டு தெரு தள்ளித் தையல் மெஷின் போட்டிருந்தாள். வளர்மதிக்கு இருபது வருஷமாக அவள்தான் ரவிக்கை தைப்பது. தாமோதரன் விஷயத்தைச் சொல்லச் சொல்ல மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"இருக்குதுங்கண்ணா. கடைசியா வந்த அன்னிக்குப் புதுசைப் போட்டுப் பாத்தாங்க. சரியா இருக்குன்னு அதையே போட்டுட்டு, போட்டிருந்ததைக் கழட்டி 'இத அளவுக்கு வெச்சுக்க லூர்து, மிச்சத்தையும் இதுமாதிரியே தை'ன்னு குடுத்துட்டுப் போனாங்க. வேர்வையோட குடுத்துட்டுப் போறாங்களே, ஒரு அலசு அலசிக் குடுத்தா என்ன கேடுன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே பையில சுருட்டி வெச்சேன்." அவள் குரல் இறங்கியது. "திட்டினது அவங்களுக்குக் கேட்டிருக்காதுங்களேண்ணா?"

"கேட்டிருந்தாச் சிரிச்சிருப்பா."

பாசிப்பச்சை நிற ரவிக்கை. கைக்குழியில் வேர்வை காய்ந்த வெள்ளைக் கோடு இருந்தது. தாமோதரன் அதைத் தொடப் போனார். லூர்து தடுத்தாள். "உங்க கை படாதுங்கண்ணா, இருங்க." கத்திரிக்கோல் முனையால் தூக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

பட்டை வரும்வரை ரெஹானா பட்டாணியை ஊசியிலேயே தாக்காட்டினாள். அந்த ரவிக்கையிலிருந்து மூன்று பட்டைகள் தேறின.

"இதுக்கு மேல வராதுங்க சார். துணியில இருக்கறத எடுத்து ஏத்தத்தான் முடியும். ஒரு மனுசரோட வாசனையப் புதுசா உண்டாக்க இன்னும் யாராலயும் முடியல. பிரிக்காம வெச்சா கெடாது. பிரிச்சா ஒண்ணு சுமாரா மூணு வாரம் தாங்கும்."

"அதுக்கப்பறம்?"

"மொதல்ல இது பொழைக்கட்டும் சார்."

முதல் பட்டையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு தாமோதரன் சட்டைப் பொத்தானைப் போடாமல் கூடத்துத் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு எந்த மணமும் தெரியவில்லை. முகத்துக்கு நேரே சட்டையை இழுத்து முகர்ந்து பார்த்தார். சலவை மணம் மட்டும்தான். கட்டிலுக்கு அடியில் கிடந்த பட்டாணியின் மூக்கு அசைந்தது. தலை தூக்கியது. நடக்கத் தெம்பில்லாமல் வழுக்கி வழுக்கி வந்து, அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்து, உடம்பெல்லாம் உதற ஒரு சத்தம் போட்டது. ஏழு வருஷத்தில் அவர் கேட்டிராத சத்தம். பிறகு தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது. மறுபடி நெஞ்சை முகர்ந்தது. மறுபடி முகம். முகத்தை அது பொருட்படுத்தவில்லை. வேகவைத்த கோழியைப் பிய்த்துக் கொடுத்தார். சாப்பிட்டது.

இந்திராணி சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அக்கா வந்துட்டான்னு நெனச்சுக்கிச்சு" என்றாள். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

முதல் சில நாட்கள் தாமோதரனுக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் பட்டாணி அவரிடம் வேறு நாயாக இருந்தது. அவர் அறிந்த பட்டாணி வாசலில் கால் நக்கும், வாக்கிங்கில் இழுக்கும், பிரஷைக் கடிக்கும். இது மடியேறி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே மூக்கை வைத்துப் பெருமூச்சு விட்டது. அவர் எழுந்தால் எழுந்தது. மனைவியும் நாயும் இத்தனை நெருக்கமாக இருந்தது ஒரே வீட்டில் இருந்த அவருக்குத் தெரியாது.

மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் தூங்குவது அவர் வழக்கம். பட்டை ஒட்டிய பிறகு பட்டாணி தூங்கவிடவில்லை. கட்டிலைப் பிராண்டியது. இறங்கினால் முன்னே ஓடியது, திரும்பிப் பார்த்தது. சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் சின்ன இடத்துக்குக் கூட்டிப்போனது. அங்கே மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கவிழ்த்த பக்கெட். அதன் முன் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. வெளிக்குப் போக வேண்டும் போல என்று நினைத்துக் கதவைத் திறந்தார். போகவில்லை. மறுநாளும் அதே. சந்தேகத்தோடு பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார். உடனே பட்டாணி மடியில் ஏறி, முன்னங்கால்களை நெஞ்சில் ஊன்றி, அவர் கண்ணுக்குக் கீழே நக்கியது. ஒரு கன்னம், பிறகு இன்னொரு கன்னம். அவர் கன்னம் காய்ந்திருந்தது. அது நிறுத்தி, காத்திருந்து, மறுபடி நக்கியது. எதிர்பார்த்தது கிடைக்காதது போல அவர் கண்ணையே பார்த்தது.

அவர் எழுந்துபோய் இந்திராணிக்கு போன் செய்தார்.

"உங்கக்கா மத்தியானத்துல அழுவாளா?"

"அழுவாளுங்க மாமா" என்றாள்.

"எதுக்கு?"

"கேட்டுப் பாத்தனுங்க. ஒண்ணுமில்லடி, சும்மான்னா. நீங்க தூங்கறப்பத்தான். எந்திரிச்சு நீங்க காப்பி கேக்கறதுக்குள்ள மூஞ்சி கழுவிக்குவாளாமா."

"எத்தனை நாளா?"

"தெரியலீங்க மாமா. நாய் வந்தது நல்லதாப் போச்சு, தொடைச்சு விட ஆளாச்சுன்னு ஒருக்கா சொன்னா. தமாசுக்குன்னு நெனச்சேன்."

"என்னாலயா?"

"அப்படி ஒருநாளும் சொன்னதில்லீங்க." கொஞ்சம் விட்டு, "இல்லைன்னும் சொன்னதில்லீங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பப் பக்கெட்டின் மேல் போய் உட்கார்ந்தார். மயானத்தில் அழாதவர், கருமாதியில் அழாதவர். பட்டாணி அங்கேயே காத்திருந்தது. இந்தத் தடவை அதன் நாக்குக்கு உப்புக் கிடைத்தது. சாவகாசமாக, வேலை தெரிந்த ஆள் போல, அது துடைத்துவிட்டது. துடைத்தது வளர்மதியின் கன்னத்தை. கேட்டிருக்க வேண்டியவர் அவர். கேட்பதற்கு இனி ஆள் இல்லை. தெரிந்த ஒரே ஜீவனுக்குப் பேச வராது, அவரை அதற்கு யாரென்றும் தெரியாது.

மூன்றாவது வாரத்தில் பட்டை மங்கத் தொடங்கியது. அவருக்கு அது பட்டாணியைப் பார்த்துத்தான் தெரிந்தது. மடியிலிருந்து சட்டென்று தலை தூக்கும். நெஞ்சை முகரும், அழுத்தி முகரும். இறங்கிப் போய் அறை அறையாகத் தேடிவிட்டு வரும். மறுபடி முகரும். ஒருநாள் காலையில் அவர் கைக்கு வரவில்லை. வாசல் கதவின் அடி இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்துவிட்டது. போனவள் வருவதற்கு அந்த ஒரு வழிதான் பாக்கி என்பது போல.

இரண்டாவது பட்டையைப் பிரித்து ஒட்டினார். அதே சத்தம், அதே உதறல், அதே கோழிக்கறி. இந்தத் தடவை அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். இது எதில் போய் முடியும் என்று அவருக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

அதுவும் மங்கியது. மறுபடி கதவிடுக்கு.

ரெஹானாவிடம் போனார். பட்டாணியைக் கூட்டிப்போகவில்லை. "மூணாவதும் தீந்தா?"

"ஊசி, டியூப்ன்னு ஒரு வாரம் இழுக்கலாம் சார். தேடிக்கிட்டேதான் போகும்."

"வேற யார்கிட்டயாவது ஒட்ட வைக்க முடியாதுங்களா? என்கிட்டயே?"

"குட்டியிலதான் முடியும். ஒரு தடவைதான்." அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "மாடியில போட்டிருக்கற வார்டுல இதுமாதிரி பத்துப் பன்னெண்டு நாய் இருக்கு சார். எல்லாம் தவறிப்போன வயசானவங்களோடது. கம்பெனி புதுசா விக்கறத நிறுத்திருச்சு. ஏற்கெனவே வித்தது எல்லார் வீட்டுலயும் படுத்திருக்கு. நான் படிச்சது வைத்தியம் பாக்கறதுக்கு. இப்ப முக்காவாசி நாள் பாக்கறது வேற வேலை."

"அந்த வேலையத்தான் கேக்க வந்தனுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணாவதைப் புதுசா ஒட்டிக்கிட்டு வர்றேன். அவ இருக்கான்னு நெனச்சுட்டு இருக்கறப்பவே."

இந்திராணி ஒத்துக்கொள்ளவில்லை. "பட்டை ஒட்டினா உசுரோட நல்லாத் துள்ளறதைக் கொண்டுபோய்ச் சாகக் குடுப்பீங்களா மாமா? பட்டை தீர்ற வரைக்குமாவது இருக்கட்டுமே. அக்கா இருந்தா விடுவாளா?"

"தீந்து போனப்பறம் கொண்டுபோனா, அவ விட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சுட்டே சாகும். எனக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும் அம்மிணி. அதுக்கு வேண்டாம்."

அவள் போய்க் கோழியை எப்போதையும்விட நிறைய வேகவைத்து, எலும்பு பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

காலை நேரம். கிளினிக்கில் கூட்டமில்லை. ரெஹானா மேஜை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாற்காலியைக் காட்டினாள். தாமோதரன் உட்கார்ந்து சட்டையைத் தளர்த்தினார். பட்டாணி கழுத்தடியில் மூக்கை வைத்துக்கொண்டது. வயிறு நிறைந்து, உடம்பு சூடாக, கனமில்லாமல் இருந்தது.

"ஏதாவது பேசுங்க சார். குரல் கேட்டாப் பயமில்லாம இருக்கும்."

அவர் வாயைத் திறந்தார். பேசினால் அந்த நெஞ்சிலிருந்து வருவது ஒரு ஆண் குரலாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு வெறுமனே தடவிக்கொடுத்தார். வளர்மதி தடவுவதைப் பார்த்திருக்கிறார். நெற்றியிலிருந்து பின்னால், நகம் படாமல். அதேபோல் செய்ய முயன்றார். ரெஹானா பின்னங்காலில் முதல் ஊசியைப் போட்டபோது பட்டாணி காதை மட்டும் அசைத்தது. இரண்டாவதுக்கு அதுவும் இல்லை. கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றதை, ரெஹானா சொல்வதற்கு முன்பே அவர் தெரிந்துகொண்டார்.

அவர் வீடு திரும்பியபோது இந்திராணி வாசலிலேயே நின்றிருந்தாள். தண்ணீர் விளாவி வைத்திருந்தாள். "குளிச்சுட்டு உள்ள வாங்க மாமா" என்றாள்.

"அப்பறம்" என்றார்.

உள்ளே வந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்தார். சட்டையை இழுத்துக் குனிந்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தெரிந்து சொல்லவும் இனி யாரும் இல்லை. பட்டை காலையில்தான் பிரித்தது. இன்னும் மூன்று வாரம் தாங்கும்.